பலூனை ஏற்றும் சொல்

தொண்ணூறுகளின் நடுவில் பொம்மனஹள்ளியில் குடியிருந்தோம். என் மகளுக்கு நான்கு வயது, காது மந்தம். கருவி மாட்டினால் கிட்டத்தில் பேசுவது ஓரளவு கேட்கும். பேச்சு மட்டும் வரவில்லை. வாரம் இரண்டு நாள் ஆபீசில் பர்மிஷன் போட்டு, ஓசூர் ரோட்டு நெரிசலில் இரண்டு பஸ் மாறி, பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போவேன். அவள் மேடையேறிப் பேச வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. என்னை ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டால் போதும்.

அங்கே புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மைக்கில் சரியாகச் சொன்னால் திரையில் சிவப்பு பலூன் மேலே போகும். தப்பாகச் சொன்னால் அசையாது. பயிற்சி கொடுத்தவருக்கு அதில் ஏகப் பெருமை.

"சரியா சொன்ன உடனே பரிசு கிடைக்கணும் மேடம். திரும்பத் திரும்பக் கிடைச்சா பழக்கமாயிடும். இதுதான் தியரி. ஸ்வல்ப, கொஞ்சம் டைம் கொடுங்க."

சர்க்கஸில் நாய்க்கு பிஸ்கட் போடுவதும் இதுதானே என்று கேட்க வாய் வரை வந்தது. காரியம் ஆக வேண்டியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மூன்றே மாதத்தில் சொன்னாள். தெளிவாக, "அம்மா" என்று. பலூன் மேலே போயிற்று. நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் அதைச் சொல்லவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவிடுக்கில் விரல் நசுங்கி அலறினாள். அந்த வலியிலும் அலறல்தான் வந்தது. நான் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று உலுக்கினேன். இன்று நினைத்தாலும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பிறகு அங்கே சேர்ந்த ஒரு சின்ன வயது டீச்சர், வேறு விதமாகப் படித்துவிட்டு வந்தவர், உடைத்துச் சொன்னார்.

"அவளுக்கு அது நீங்க இல்லக்கா. பலூனை ஏத்துற சத்தம், அவ்வளவுதான். உங்களைக் கூப்பிட அவளுக்கு ஒரு தேவை வரணும். கூப்பிட்டா நீங்க வரணும். அப்பதான் அர்த்தம் பிடிபடும்."

கம்ப்யூட்டரை நிறுத்தச் சொன்னார். கேட்டதை உடனே கொடுக்காமல் காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தேன். அவள் என் புடவையை இழுத்தாள், தண்ணீர்ப் பானையைக் காட்டினாள், கடைசியில் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானே எடுத்துக் குடித்தாள். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. பலூனுக்காகச் சொன்ன அந்தச் சத்தமும் என் காதில் விழாமல் போயிற்று.

இன்னும் பொறுத்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ. எனக்குப் பொறுமை இல்லை. பழையவரிடம் கெஞ்சி, அவளை மறுபடி அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். திரையை ஒட்டி என் முகத்தை வைத்துக்கொண்டேன். சொல்லும்போது என்னையும் பார்ப்பாள், நான்தான் அது என்று புரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

அவள் மைக்கைப் பிடித்தாள். என் தலை பலூனை மறைத்தது. என் கன்னத்தில் கைவைத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, திரையைப் பார்த்து "அம்மா" என்றாள்.