முழங்கால் அளவுத் தண்ணீர்

மாலத்தீவில் மலையே கிடையாது என்று அத்தா சொன்னபோது நான் நம்பவில்லை. உத்தமபாளையத்தில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஒரு மலை தெரியும். மலை இல்லாவிட்டால் சூரியன் எதன் பின்னால் போய் மறையும் என்று கேட்டேன். கடலுக்குள் என்றார். அதையும் நம்பவில்லை. அத்தா அங்கே ஒரு குட்டித் தீவில் கணக்கு வாத்தியார். அந்த நாட்டில் ஆயிரத்துக்கு மேல் தீவுகள் இருக்கின்றனவாம். அத்தாவின் தீவை அரை மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாமாம். அத்தனை சின்ன இடம் எதற்காக என்னைப் பெற்ற அத்தாவை வருஷத்துக்குப் பதினோரு மாதம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்? எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தத் தீவின் மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் விடுமுறைக்கு வந்தபோது அத்தா தனியாக வரவில்லை. அங்கே அவர் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவும் அவருடைய கணவரும் கூட வந்தார்கள். அத்தாவிடம் கணக்குப் படிக்கும் அவர்கள் மகள் தீவிலேயே இருந்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். அது முடிந்து மறுபடி டாக்டரைப் பார்க்கும்வரை பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். நான் அவரை மாலத்தீவு மாமி என்று கூப்பிட்டேன். சலாம் சொல்வதும் பிஸ்மில்லா சொல்வதும்தான் எங்களுக்கும் மாமிக்கும் பொதுவான பேச்சு. மற்றதற்கெல்லாம் அத்தாதான் மொழிபெயர்ப்பாளர்.

கடல் நாட்டு விருந்தாளிக்கு மீன் வைக்காமல் எப்படி என்று அம்மாவுக்குக் கவலை. கம்பம் பள்ளத்தாக்கில் கடல் மீனுக்கு எங்கே போவது? அம்மாவின் தம்பியான என் மாமா தினமும் ஜீப் ஏறிக் கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்குப் போய், ஐஸ் போட்ட நெய்மீனைப் பத்திரமாகக் கொண்டுவந்தார். மூன்று நாள் மீன் குழம்பு, மீன் வறுவல், மீன் பிரியாணி. மாமியும் மறுக்காமல் சாப்பிட்டார். நான்காம் நாள் அடுப்படிக்கு வந்தவர், எங்களுக்கென்று ஓரமாக வைத்திருந்த பீர்க்கங்காய்க் கூட்டை விரலால் காட்டினார்.

அத்தா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அங்கன மூணு வேளையும் மீனுதான். காய்கறி போட்டுல வாரதுக்குள்ள வாடிப்போகும். அவுக ஆசைப்படுறது காய்தான்."

"இத மொத நாளே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மாமாவின் குமுளிப் பயணம் அன்றோடு நின்றது. அதன்பிறகு மாமிக்கு அவரைக்காய், புடலங்காய், ஒரு தட்டு நிறையப் பன்னீர் திராட்சை. விதையைக்கூடத் துப்பமாட்டார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. தீவுப் பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு அத்தா கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா? வேண்டாம், இங்கேயே ஒரு டியூஷன் சென்டர் வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அம்மாவின் பிடிவாதம். நான் அம்மா கட்சி.

ஒரு நாள் சாயங்காலம் மாமியை ஆற்றுக்குக் கூட்டிப்போனோம். அவர் ஆற்றையே பார்த்ததில்லை. அவர்கள் ஊரில் குடிப்பதற்கு மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைப்பார்களாம். கிணற்றுத் தண்ணீரும் சுனாமியில் உப்பாகிவிட்டதாம். கறுப்புக் கண்ணாடியோடு கரையில் உட்கார்ந்து, ஒரு கை அள்ளிக் குடித்தார். "கண்ணுல பட்டுறாம!" என்று அம்மா பதறினார். மாமி ஏதோ கேட்டார்.

"இம்புட்டுத் தண்ணியவும் யாரு தொறந்து விட்டாகன்னு கேக்குறாக" என்று அத்தா சிரித்தார்.

பெரியவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்த சமயம் பார்த்து, பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி மாமியிடம் சொன்னேன்: "மை ஃபாதர் ஹியர். நோ கம் ஐலேண்ட். ப்ளீஸ்." மாமி சிரிக்கவில்லை. என் தலையில் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது மாமி என்னைக் காட்டி அத்தாவிடம் பேச ஆரம்பித்தார். பேச்சு நீண்டது. குரல் ஏறியது. இடையில் தன் கையைக் கழுத்தோடு வைத்துக் காட்டினார். பிறகு அத்தாவின் சட்டைக் காலரை எட்டிப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுப்பதுபோல் செய்தார். அவருடைய கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொல்றாக?" என்றார் அம்மா.

"பாப்பா ஏங்கிப் போயிரும், இங்கனயே இருங்கன்றாக. அப்புறம் சுனாமிப் பேச்சு. முழங்கால் மட்டுக்குத் தண்ணி வந்துச்சுன்னு போன்ல சொன்னேன்ல, அதத்தான் சொல்றாக. என் செருப்புகூடப் போயிருச்சே."

அந்தத் தீவில் மனிதர்களுக்கு முழங்கால் கழுத்துக்கிட்டயா இருக்கும் என்று நான் யோசித்தேன். அம்மா அத்தாவைப் பார்க்கவில்லை. மாமியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். மாமியின் எச்சில் கை அம்மாவின் முகமெல்லாம் குழம்பாக்கியது. அம்மா அதைத் துடைக்கவும் இல்லை.

எனக்கு உள்ளூர ஒரே குதூகலம். மாமியே இருக்கச் சொல்லிவிட்டார், அப்புறமென்ன? கையெழுத்துக் கதை அத்தோடு ஒழிந்தது என்று நினைத்தேன். அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்: "அவுக மக பெரிய பரிச்சை எப்ப எழுதணும்?"

"ரெண்டு வருசம் இருக்கு."

"கணக்குக்கு அங்கன வேற ஆளு இருக்காகளா?"

"இல்ல."

"அப்பக் கையெழுத்தப் போடுங்க. அந்தப் பிள்ள பாஸானப்புறம் வந்தாப் போதும்."

நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன். அத்தா அவர்களோடு கிளம்பியபோது சலாம்கூடச் சொல்லவில்லை. அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. அம்மாவும் எதையும் விளக்கவில்லை.

நான் காலேஜ் சேர்ந்த வருஷம்தான் அத்தா வாய் திறந்தார். வாய்க்காலில் குளித்து வளர்ந்தவருக்கு நீச்சல் தெரியாது. தெருவில் கழுத்து மட்டத்துக்கு ஏறிய தண்ணீர் அவரைக் கடலுக்குள் இழுத்தபோது, மாமி காலரைப் பிடித்து நிறுத்தி, தன் தலைத் துணியால் சீமைப்பலா மரத்தோடு கட்டிப்போட்டிருக்கிறார். அந்த மாமிக்காக நான் துஆ கேட்காத நாள் இன்றுவரை இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு என்ன செய்துவிட முடியும் என்று அம்மா அந்த ஒரு நிமிடத்தில் யோசித்து, தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், அம்மாவுக்கு அத்தாவின் மேல் துளிகூடப் பாசம் இல்லை என்பதுதான்.