மொறப்பொண்ணுன்னா பான்ஜி இல்ல

ருக்கு யாரையும் லேசுல நம்ப மாட்டா. லிஃப்ட்ல புது ஆள் ஏறினா எந்த ஃப்ளாட்டு, யாரைப் பார்க்கணும்னு மூஞ்சிக்கு நேரா கேப்பா. டெல்லி மயூர் விஹார்ல எங்க சொசைட்டில அவளுக்கு சி.ஐ.டி.ன்னு பேரு. வெச்சது நான்தான்.

அப்படிப்பட்டவ ரெண்டு வருஷம் முன்னால மேகலாவைக் கூட்டிட்டு வந்தா. அந்தப் பொண்ணுக்கு அப்ப பன்னெண்டு வயசு. அம்மா வீட்டு வேலை செஞ்சவ, டெங்குல போய்ட்டா. அப்பன் எங்கன்னே தெரியாது. குழந்தைங்க நலக் கமிட்டி, நாங்க கோர்ட்டுன்னுதான் சொல்லுவோம், ருக்கு கையில வளர்க்கக் குடுத்துச்சு. தத்து இல்ல. சொந்தக்காரங்க வர்ற வரைக்கும்தான்.

உள்ளதைச் சொல்றேன், எனக்கு ருக்கு மேலயே சந்தேகம். சம்பளம் இல்லாத வேலைக்காரிக்குத்தான் வழி பண்ணிட்டான்னு நெனச்சேன். சர்க்கரை கடன் கேக்கற சாக்குல திடீர் திடீர்னு போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ருக்கு பாத்திரம் தேய்ச்சிட்டு இருப்பா, மேகலா சோஃபால காலை நீட்டிப் படிச்சிட்டு இருப்பா. சர்க்கரைதான் மிச்சம்.

போன மாசம் கலியமூர்த்தின்னு ஒருத்தர் விழுப்புரம் பக்கத்துலேந்து வந்தாரு. மேகலா அம்மாவோட கூடப் பொறந்த தம்பி. ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் சரியா இருந்துச்சு. பொண்ணை அனுப்பலாமான்னு முடிவு பண்ண தேதி குடுத்தாங்க. ருக்கு வீட்டுக்காரர் டூர்ல இருந்ததால தொணைக்கு நான் போனேன்.

வெளிய பெஞ்சுல கலியமூர்த்தி எனக்கு ஆப்பிள் நறுக்கிக் குடுத்தாரு. நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சாரு. ருக்கு என் காதுல, "ஆளுக்கு முப்பத்தஞ்சு வயசு, இன்னும் கல்யாணம் ஆகல. பொண்ணுக்குக் கொலுசு வாங்கிட்டு வந்திருக்காரு, என்ன கிளாஸ் படிக்கறான்னு ஒரு வார்த்தை கேக்கல"ன்னா. கெளம்பிட்டியா ஒன் துப்பறியற வேலைக்குன்னு நான் கிண்டல் பண்ணினேன்.

உள்ள என்னை விடல. நடந்ததை ருக்கு ஆட்டோல வர்றப்ப ஒண்ணு விடாம சொன்னா.

அங்க வளர்க்கறவங்க கேட்டாத்தான் பேசணும். ஒழுங்கா சாப்பிடறாளா, ஸ்கூல் போறாளா, அவ்ளோதான் கேப்பாங்க. கலியமூர்த்திக்கு ஹிந்தி வராது. அங்க வேலை பார்க்கற சுபிக்ஷாங்கற பொண்ணு ஹிந்தில மாத்திச் சொல்லுச்சு. டெல்லில பொறந்த தமிழ்ப் பொண்ணு. அதோட தமிழ் வீட்டுல சாப்பாடு கேக்கற அளவுக்குத்தான்.

அவர் சொன்னாரு: "எங்க அக்கா பொண்ணுங்க. எனக்கு மொறப்பொண்ணு. நான் பார்க்காம வேற யாரு பார்க்கறது?"

சுபிக்ஷா அதை, இவரோட பான்ஜி, இவரே பார்த்துக்கறாராம்னு ஹிந்தில சொல்லுச்சு. பான்ஜின்னா அக்கா தங்கச்சி பொண்ணு, அவ்ளோதான். சொந்த மாமா, வேறென்ன வேணும்னு கமிட்டி மேடம் பேனாவை எடுத்துட்டாங்க.

யாரும் கேக்காமலே ருக்கு எழுந்துட்டா. அவ ஹிந்தில ஆம்பளை பொம்பளை வித்தியாசம் கெடையாது, ஆனா புரியும். "மேடம், அந்த வார்த்தைக்கு பான்ஜின்னு அர்த்தம் இல்ல. எங்க பக்கம் சில குடும்பத்துல மாமாவே அக்கா பொண்ணைக் கட்டிப்பாங்க. கட்டிக்க உரிமை உள்ளவளைத்தான் மொறப்பொண்ணும்பாங்க."

மாமா எங்கயாவது கட்டிப்பானான்னு அங்க யாரும் நம்பல. ருக்குவைத்தான் ஒரு மாதிரி பார்த்தாங்க. பொண்ணை விட மனசில்லாம கதை கட்டறீங்களான்னு மேடம் கேட்டாங்க.

"விட மனசில்லதான், அது வேற. இவளை யாருக்குக் கட்டிக் குடுப்பீங்கன்னு அவரையே கேளுங்க."

கேட்டாங்க. கலியமூர்த்திக்கு இதுல என்ன கேள்வின்னே புரியல. "வெளிய எதுக்குக் குடுக்கணும்? நான் இருக்கேனே. அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வர்ற தையில வெச்சுக்கலாம்னு இருக்கேன்."

பதினாலு வயசுப் பொண்ணுக்கு. சுபிக்ஷா மென்னு முழுங்கி அதை ஹிந்தில சொல்லி முடிக்கறதுக்குள்ள மேடம் பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க.

ஏன் முன்னாடியே சொல்லலன்னு மேகலாவைக் கேட்டாங்க. "மாமான்னு சொன்னேனே"ன்னு சொல்லியிருக்கா. கவுன்சிலிங்ல அவர் யாருன்னு கேட்டப்பவும் அதேதான் சொல்லியிருக்கா. அவளுக்கு அதுலயே எல்லாம் அடங்கிடுச்சு. இவங்க நல்லதாப் போச்சுன்னு ஃபைல்ல எழுதிக்கிட்டாங்க. இப்ப அவர் கூடப் போறியான்னு கேட்டதுக்கு மாட்டேன்னு தலையாட்டிட்டா.

ஒரு மணி நேரம் கழிச்சு உத்தரவுக் காகிதம் கைக்கு வந்துச்சு. ருக்குவுக்கு ஹிந்தி பேச வரும், படிக்க வராது. ஆட்டோ பிடிக்கறதுக்கு முன்னாடி வாசல் கேட் பக்கத்துலயே நின்னு மேகலாவைப் படிக்கச் சொன்னா. ஊர்ல விசாரிக்கணும், மாமா கூட அனுப்பக் கூடாது, பதினெட்டு முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சே கூடாது, பொண்ணு வளர்ப்பு அம்மா கிட்டயே இருக்கட்டும்.

"அப்படியே போட்டிருக்கா, இல்ல நீயா சொல்றியா?"

மேகலா விரலை வெச்சு அந்த வரியை மறுபடியும் படிச்சா. ருக்கு அதை என் கிட்டக் குடுத்து, நீ படின்னா.