தோப்பு ஊரின் தபால்காரி

ஒருத்தியை என் வாயால் ஊரைவிட்டுத் தள்ளிவைத்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. ஊர் என்றால் நிஜ ஊர்கூட இல்லை; தென்னந்தோப்பு மணலில் ஓலையும் குச்சியும் நட்டு நாங்களே கட்டிய விளையாட்டு ஊர். சின்னப் பிள்ளைதானே, போகட்டும் விடுங்கள் என்று யாராவது சமாதானம் சொல்ல வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். தெரியாமல் செய்தவளுக்குச் சொல்ல வேண்டிய சமாதானம் அது. நான் தெரிந்தேதான் செய்தேன்.

சுதந்திரம் வந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். கோடை விடுமுறையில் எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பத்து நாள் முகாம் போட்டார்கள். நடத்த இராமநாதபுரத்திலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். பாதிப் பேர் எங்களைப் போலக் கடற்கரைப் பிள்ளைகள், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவோம். மீதிப் பேர் திருவாடானைப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்திலேயே தங்கினார்கள். நண்டைக் கண்டால் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாங்கள் சிரிப்போம்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் ஒரு வீட்டைத் தள்ளிவைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. அந்த வீட்டுக்காரர் ஒரு ஞாயிறு போய்விட்டார். அதுகூடப் பெரிய விஷயமில்லை, மாதா கோயில் வாசலில் ஊர்க்கமிட்டி முன்னால் விழுந்து எழுந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவர் விழமாட்டேன் என்றுவிட்டார். பிறகென்ன, அந்த வீட்டுக்கு ஊர்க்கிணற்றில் தண்ணீர் கிடையாது, அடுப்புப் பற்றவைக்க நெருப்புக் கிடையாது, அவர் வள்ளத்தைக் கரையேற்ற ஒருவரும் கை கொடுக்க மாட்டார்கள். அந்த வீட்டில் யாரோடும் யாரும் பேசக் கூடாது. அதைச் சொன்ன கமிட்டியில் எங்கள் அய்யாவும் ஒருவர்; எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த வீட்டுப் பெண் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். மூன்று மாதமாக அவள் பக்கம் முகம் திருப்பாமலே பாடம் படித்தேன்.

டீச்சர் வெளியூர்க்காரர், இதெல்லாம் அவருக்குத் தெரியாது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டபோது அவளையும் கூட்டி வந்துவிட்டார். முதல் இரண்டு நாள் அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். திருவாடானைப் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்க்கட்டு என்ன தெரியும்? இது என்ன சங்கு, அது என்ன மீன் என்று அவளைப் போய்த் துளைத்தார்கள். அவளும் பதில் சொன்னாள். அதைப் பார்த்து எங்களுக்கும் நாக்கு அரித்தது. வெளியூர் டீச்சர் நடத்தும் முகாம் நம் ஊர்க்கட்டில் சேராது, இங்கே பேசினால் குற்றமில்லை என்று நாங்களே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டோம். மூன்றாம் நாள் நானும் பேசினேன். மூன்று மாதப் பேச்சையும் ஒரே நாளில் பேசித் தீர்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் நாள்தான் ஊர் கட்டினோம். நம் ஊரை நாமே ஆளும் காலம் வந்துவிட்டது, எப்படி ஆள்வது என்று செய்து பாருங்கள் என்றார் டீச்சர். மதியத்துக்குள் பள்ளிக்கூடத்தை ஒட்டிய தோப்பில் தெரு வந்துவிட்டது, ஆஸ்பத்திரி வந்துவிட்டது, தபாலாபீஸ் வந்துவிட்டது. சிப்பி போட்டு ஓட்டெடுத்ததில் நான் பஞ்சாயத்துத் தலைவி. தலை கால் புரியவில்லை எனக்கு. அவள் தபால்காரி.

கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. பூவரச இலையில் முள்ளால் கீறினால் கடுதாசி. எல்லோரும் எழுதித் தள்ளினார்கள். அவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஓலைவீட்டு வாசலிலும் நின்று “தபால், தபால்” என்று கூப்பிட்டாள். எந்த வாசலிலும் அவளுக்கு வரவேற்புதான். முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை. நான் தனியே உட்கார்ந்து வயிறெரிந்தேன். உள்ளதைச் சொல்வதானால் அது பொறாமை, வேறொன்றுமில்லை.

எனக்கு வந்த கடுதாசியைக் கடைசியாகக் கொண்டுவந்தாள். தலைவிக்குத்தான் முதலில் வரவேண்டும் என்று நான் அதட்டினேன். தெரு வரிசைப்படிதான் வரும், தலைவி வீடு கடைசியில் இருந்தால் நான் என்ன செய்வது என்று அவள் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

டீச்சர் சாப்பாட்டு வேலையைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குள் போயிருந்தார். நான் கொட்டாங்கச்சியைத் தட்டி ஊரைக் கூட்டினேன். அய்யா கோயில் வாசலில் சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்டவள் நான், ஒரு வார்த்தை தப்பவில்லை. அவளைக் கை காட்டி அதே குரலில் சொன்னேன்:

“இன்னையிலருந்து இந்த வீட்டுக்குத் தண்ணி இல்ல, நெருப்பு இல்ல, பேச்சு இல்ல. மீறிப் பேசுறவுகளுக்கும் இதே கதிதான்.”

திருவாடானைப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நாடகம் மாதிரி இருந்திருக்கும் அவர்களுக்கு. எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் கைதட்டவில்லை. ஒருத்திகூட ஏன் என்று கேட்காமல் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் திரும்பினார்கள். அவளைப் பார்த்தபடி நின்றது நான் ஒருத்திதான்.

“இங்கனயுமாடி?” என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னேன்டி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தலைவி சொன்னதை மாற்றினால் கௌரவம் என்னாவது என்று விழுங்கிவிட்டேன். அய்யாவின் பிள்ளையில்லையா! அவள் பையிலிருந்த இலைகளைத் தபாலாபீஸ் வாசலில் அடுக்கிவைத்துவிட்டுத் தோப்பை விட்டு நடந்து போனாள். மறுநாள் வரவில்லை. அவளுக்கு என்ன என்று டீச்சர் கேட்டார். காய்ச்சலாம் என்றேன். மீதி ஐந்து நாளும் ஊர் நடந்தது, நான்தான் தலைவி.

முகாம் முடிந்து அடுத்த ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் கூட்டம். அவள் அப்பா கமிட்டிக்காரர்கள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். எங்கள் அய்யா காலுக்கு நேரே அவர் நெற்றி இருந்தது. எழுந்தபோது முகத்திலும் மீசையிலும் மணல். அவர் தட்டிவிடவில்லை.

வீட்டில் அய்யா சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்:

“மூணு மாசமா முறுக்கிக்கிட்டு நின்னவன். தண்ணிக்கு மசியல, நெருப்புக்கு மசியல. டீச்சரம்மா நடத்துன எடத்துலயும் மகளோட யாரும் பேசலையாம், அழுதுகிட்டு வந்து நின்னுருக்கு. அதுக்கு விழுந்துட்டான்.”

என் கையில் சோறு அப்படியே இருந்தது. நான்தான் அய்யா அது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அய்யா கண்ணை மூடும்வரைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மெச்சியிருப்பாரோ என்னவோ, அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் நின்றிருந்தேன். அவள் குடத்தோடு வந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் கிணற்றுக்கு அன்றுதான் வருகிறாள். பெண்கள் விலகி வழிவிட்டு, நலம் விசாரித்து, அவளை முதலில் இறைக்கச் சொன்னார்கள். அவள் இறைக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. அனுமதி கேட்கிற முகம்.

“எங்கப்பா விழுந்துட்டாரு. இப்பப் பேசலாம்ல?” என்றாள்.

அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.