என் மூக்கும் சம்பந்தியின் கண்ணாடியும்

எங்கள் சம்பந்திக்குத் தெருவில் "அசையாதே" என்று பெயர். நாற்பது வருஷம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணமோ, பள்ளிக்கூட குரூப் போட்டோவோ, பாஸ்போர்ட் சைஸோ, எதுவானாலும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை அதுதான். சிரியுங்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. "சிரிக்கிறது அவங்க இஷ்டம். அசையாம இருந்தா எனக்குப் போதும்" என்பார். கல்யாணப் பேச்சுக்காக முதல் நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். நான் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். "அசையாதீங்க" என்றார். கையில் கேமராகூட இல்லை.

நானோ முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன். அசையாமல் இருந்தால் எனக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகும்?

ஒத்துப்போக வைக்க ஒரு முதலாளி வந்து சேர்ந்தாள். வயசு ஏழு மாசம், எடை எட்டு கிலோ, தலையில் எண்ணி இருபது முடி. என் மகனுக்கும் அவர் மகளுக்கும் பிறந்த பேத்தி. அவளைப் பற்றி ஆரம்பித்தால் நான் கடைசி ஸ்டாப்பைத் தாண்டியும் ஓட்டிக்கொண்டே போவேன். அதனால் இங்கேயே பிரேக் போட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. அவர் மகள், அதாவது என் மருமகள், ஏழு மாசக் குழந்தையாகப் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிற படம். அதை எடுத்தது அவருடைய இரட்டை லென்ஸ் கேமரா. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேலே இருப்பது பார்க்கும், கீழே இருப்பது படம் பிடிக்கும். கேமராவை வயிற்றோடு அணைத்து, மேல் மூடியைத் திறந்து, கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி குனிந்து பார்க்க வேண்டும். அங்கே உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சதுரத் தகடு இருக்கிறது. அதற்குப் பெயர் ஸ்கிரீன். எதிரே இருக்கும் ஆள் அதில்தான் தெரிவார், அதுவும் இடம் வலமாக மாறி. கேமரா பக்கத்தில் ஒரு திருகு. அதைத் திருப்பித் திருப்பி, ஆள் தெளிவாகும் இடத்தில் நிறுத்தினால் போகஸ்.

பேத்தியின் பொக்கைச் சிரிப்பையும் அதே கேமராவில் எடுத்து, அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். சம்பந்திக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. ஆனால் ஈறு காத்திருக்குமா? தினமும் காலையில் குழந்தையின் வாயில் விரல் விட்டுப் பார்ப்பது என் மனைவியின் வேலை. "கீழ் ஈறு கெட்டியாயிடுச்சு. இன்னும் பத்து நாள். அதுக்குள்ள எடுத்தா எடுங்க, இல்லேன்னா பல்லோடதான் சிரிப்பா" என்று தேதி குறித்துவிட்டாள்.

சம்பந்தி அன்றைக்கே கேமராவைக் கொண்டுவந்தார். ஸ்கிரீனில் மஞ்சளாகக் கறை. "குடுங்க சம்பந்தி, தொடச்சுத் தரேன்" என்று வாங்கியது நான்தான். பஸ் கண்ணாடியில் ஒட்டிய தாரையே எடுத்தவனுக்கு இது ஒரு கறையா? மருமகளின் நகப்பூச்சு அழிக்கிற மருந்தைப் பஞ்சில் தொட்டு ஒரே இழுப்பு இழுத்தேன். கறை போனது. ஸ்கிரீனும் போனது. கண்ணாடி என்று நான் நினைத்தது பிளாஸ்டிக்காம். திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது.

சம்பந்தி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பஸ் எப்படிங்க உங்க கையில முப்பத்தொரு வருஷம் முழுசா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் கேமரா ரிப்பேர்காரரிடம் போனோம். வாட்ச் கடைக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு ஜன்னல். அவ்வளவுதான் கடை. அவர் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து மூன்று ஸ்கிரீன்களை வைத்தார்.

"இது பிளெயின். அந்தக் காலத்துல வந்த மாதிரியே சொரசொரன்னு தேய்ச்ச கண்ணாடி. கொஞ்சம் இருட்டாத் தெரியும், ஆனா பொய் சொல்லாது. இது பிரைட். பளிச்சுனு இருக்கும். மூணாவது கோடு வெச்சது. நடுவுல சின்ன வட்டம், அதுல ஒரு கோடு. போகஸ் இல்லேன்னா ஆளை ரெண்டா வெட்டிக் காட்டும். ரெண்டும் ஒட்டிக்கிட்டா போகஸ் சரி."

"கோடு போட்ட நோட்டு சின்னப் பிள்ளைங்களுக்கு" என்று மூன்றாவதை ஒதுக்கினார் சம்பந்தி. "பளிச்சுனு இருக்கிறது கல்யாண மண்டபத்துக்கு. எனக்கு பிளெயின்தான்."

ரிப்பேர்காரர் அதைத் தற்காலிகமாகப் பொருத்திக் கொடுத்தார். சம்பந்தி ஜன்னல் வழியாக எதிர்க்கடை போர்டைப் பார்த்து, திருகை முன்னே திருப்பினார், பின்னே திருப்பினார், மறுபடி முன்னே. "ஆகா, கத்தி மாதிரி தெரியுது" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். மழையில் வைப்பர் வேலை செய்யாத பஸ் மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அவரிடம் சொல்லி ஒரு வருஷமாகிறது. மனுஷர் இன்று போகிறேன், நாளை போகிறேன் என்று டிமிக்கி கொடுத்துவருகிறார்.

சம்பந்தி டீ குடிக்கக் கீழே இறங்கினார். நான் ரிப்பேர்காரர் பக்கம் சாய்ந்தேன்.

"தம்பி, பிளெயினை எடுத்துடு. அந்த பிரைட்டைப் போட்டுடு."

"ஐயோ, அவரு கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிக்கக் கண்ணு வேணுமே?"

"மாட்டினா நீங்கதான் சொன்னீங்கன்னு சொல்லிடுவேன்."

"தாராளமா சொல்லு."

வீட்டுக்கு வந்து சம்பந்தி மேல் மூடியைத் திறந்தார். முகத்தில் டியூப் லைட் போட்ட மாதிரி வெளிச்சம். "பாத்தீங்களா? பழைய கண்ணாடின்னா பழைய கண்ணாடிதான்! என்னா தெளிவு! என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. டாக்டருங்க சும்மா பயமுறுத்துறாங்க."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

ஒரு வாரத்தில் ஒரு ரோல் எடுத்தார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். குழந்தையைப் பார்த்து "அசையாதே" என்பார். அது என்ன பாஷை என்று அவள் புரண்டு படுப்பாள். ஒருவழியாக ரோல் முடிந்து, குளியலறையில் பிலிமைக் கழுவி, துணிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். காய்ந்ததும் மருமகள்தான் முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இதுல தலகாணியில இருக்கிற பூ நல்லா விழுந்திருக்கு."

"குழந்தை?"

"குழந்தை ஆவி மாதிரி இருக்கு. இதுல அத்தையோட வளையல் ரொம்ப நல்லா வந்திருக்கு. இதுல..." என்று இழுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு விஷயம் அப்போதுதான் விளங்கியது. பளிச்சென்று காட்டுகிற ஸ்கிரீனில் எல்லாமே தெளிவு மாதிரி தெரியும். நிஜமான தெளிவு எது என்று பிரித்துப் பார்க்க நல்ல கண் வேண்டும். பிளெயின் பொய் சொல்லாது என்று ரிப்பேர்காரர் சொன்னது இதைத்தான். நானோ, கண் சரியில்லாதவருக்குப் பொய் சொல்கிற ஸ்கிரீனைப் பார்த்து மாட்டிவிட்டிருக்கிறேன்.

சம்பந்தி பன்னிரண்டையும் பார்த்து முடித்தார். கேமராவைத் தோல் உறைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டார். "கை போயிடுச்சு சம்பந்தி. மாப்பிள்ளையை போன்லயே எடுக்கச் சொல்லுங்க."

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "பல்லு நாளைக்கோ நாளன்னிக்கோ" என்று இன்னும் ஒரு குத்து விட்டாள்.

இதற்கு மேல் சும்மா இருந்தால் நான் மனுஷன் இல்லை. "கை போகல சம்பந்தி. நீங்க டீ குடிக்கப் போனப்ப ஸ்கிரீனை மாத்தச் சொன்னது நான்தான். இது பிரைட்."

அவர் என்னையே பார்த்தார். "எதுக்கு?"

"பிளெயின்ல உங்களுக்குத் தெரியலையே."

"யார் சொன்னா? கத்தி மாதிரி தெரிஞ்சுதே!"

"அப்ப அந்த போர்டுல என்ன எழுதியிருந்துச்சு, சொல்லுங்க?"

"பேக்கரி."

"செருப்புக் கடை."

"எழுத்து திரும்பித் தெரிஞ்சா எப்படிங்க படிக்கிறது?"

"நான் முப்பத்தொரு வருஷம் பின்னாடி வர்ற வண்டியைக் கண்ணாடியில அப்படித்தான் படிச்சேன்."

மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரிப்பை அங்கே போய்ச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். சம்பந்தி சிரிக்கவில்லை. வாசல் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்த்தார். "வாங்க. அந்தக் கோடு போட்ட நோட்டையே வாங்கிடுவோம்."

ரிப்பேர்காரர் எங்களைப் பார்த்ததும் "அவருதான் சொன்னாரு!" என்று என்னைக் கைகாட்டினார், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. பிறகு மூன்றாவது ஸ்கிரீனைப் பொருத்தினார். பின் மூடியைத் திறந்து, பிலிம் ஓடுகிற இடத்தில் மங்கலான டேப் ஒரு துண்டு ஒட்டி, மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் ஒரே இடத்தில் தெளிவு காட்டுகின்றனவா என்று சரிபார்த்துக் கொடுத்தார்.

வீட்டில் புது வம்பு காத்திருந்தது. அந்தக் கோடு வேலை செய்ய, எதிரே நேராக ஏதாவது வேண்டும். நேரானதை வெட்டிக் காட்டினால்தான் வெட்டு தெரியும். எங்கள் முதலாளியிடம் நேரானது ஒன்றுகூட இல்லை. கன்னம் உருண்டை, தலை உருண்டை, தொப்பை உருண்டை. கட்டில் காலைப் பார்த்து போகஸ் பண்ணினால் குழந்தை வேறு தூரத்தில் இருக்கிறாள். சம்பந்தி கேமராவிலிருந்து நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். பீரோ, கதவு, ஜன்னல் கம்பி என்று போய்க்கொண்டிருந்த பார்வை என் முகத்தில் வந்து நின்றது.

"சம்பந்தி, உங்க மூக்கு எவ்வளவு நேரா இருக்கு!"

அறுபத்திரண்டு வருஷத்தில் என் மூக்கை யாரும் புகழ்ந்ததில்லை. மயங்கிப் போய் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் நிற்க வைத்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"அசையாதீங்க. மூக்கு ரெண்டு துண்டா இருக்கு... வருது, வருது... ஒட்டிக்கிச்சு!" சம்பந்தியின் குரல் துள்ளியது. "கத்தி மாதிரி! இந்தத் தடவை நிஜமாவே!"

ஆனால் குழந்தை சிரித்தால்தானே? கேமராவின் இரண்டு கண்ணையும் அவளுடைய இரண்டு கண்ணும் முறைத்துக்கொண்டிருந்தன. கிலுகிலுப்பை ஆட்டினார்கள், கை தட்டினார்கள், என் மனைவி பூனை மாதிரி கத்தினாள். ம்ஹூம்.

"பல் செட்டைக் கழட்டுங்க" என்றார் சம்பந்தி, கேமராவிலிருந்து தலையைத் தூக்காமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மேல் வரிசைப் பல் கட்டினது என்பது என் மனைவிக்கும் பல் டாக்டருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். மகனுக்கே தெரியாது.

"என்ன பல் செட்டு?"

"என் கண்ணு மங்கினது உங்களுக்குத் தெரியுதுன்னா, உங்க பல்லு கடையில வாங்கினதுன்னு எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷம் முகத்தைப் பாத்தே பொழச்சவன் நான். கல்யாண ஆல்பத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஸ்கிரீன் மாத்தினீங்கல்ல? கழட்டுங்க."

மருமகள் முன்னால், மனைவி முன்னால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். குழந்தை என் வாயைப் பார்த்தாள். பிஞ்சு விரலை நீட்டி என் ஈற்றைத் தொட்டாள். தன்னை மாதிரியே ஒருத்தன் கிடைத்துவிட்டான் என்கிற சந்தோஷம் போல. வாயை முழுசாகத் திறந்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், எனக்கும் அடக்க முடியவில்லை. கிளிக்.

அந்த ஒரு படம் அப்படியே விழுந்தது. அவள் ஈற்றிலிருக்கிற எச்சில் பளபளப்பு வரை தெரிகிறது. கீழே நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியும் இருக்கிறது. பல்தான் என்று என் மனைவி சாதிக்கிறாள். பிலிமில் தூசி என்று சம்பந்தி தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறார்.

படத்தைப் பெரிசாக்கித் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டினார். என்னையும் சேர்த்து. "என் பாதியை வெட்டிடக் கூடாதா?" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"மூக்கு இல்லாம இந்தப் படமே இல்ல. இருக்கட்டும்."

"அப்ப என் பொக்கை வாயை ஊரே பாக்கணும்னா, நீங்க கண் ஆபரேஷனுக்குப் போகணும். இல்லேன்னா நானே வந்து அந்தப் படத்தைத் தொடச்சு விடுவேன். எந்த மருந்துலன்னு உங்களுக்குத் தெரியும்."

பயந்தே போய்விட்டார் மனுஷர். அடுத்த வாரமே கிளம்பினார். நான்தான் கூடப் போனேன். ஒரு கண்ணில் கட்டுப் போட்டு வெளியே அழைத்து வந்தார்கள். "உள்ள டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். மூடாத கண்ணையும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பக்கத்தில் வந்த நர்ஸ்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். "முழுக்க முழுக்க ஒரே வார்த்தைதாங்க. அசையாதீங்க, அசையாதீங்க, அசையாதீங்க."