உப்புப் பார்க்க ஆளில்லாத அடுப்படி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன், கட்டுரை எழுத வந்திருக்கிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

சிங்கப்பூரில் நான் சமையல் வேலை பார்க்கும் வெள்ளைக்காரப் பட்டாள முகாமில் சாப்பாட்டுக் கூடத்துக்கு இரண்டு வாசல்கள். அதிகாரிகளுக்கு ஒன்று, சிப்பாய்களுக்கு ஒன்று. வந்த புதிதில் அது விநோதமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, இங்கே தவறுக்கும் அப்படி இரண்டு வாசல்கள் என்று. ஆபீசில் நடந்தால் அதற்கு எரர் என்று பெயர். அடுப்படியில் நடந்தால் மிஸ்டேக். ரொட்டி வண்டி வராத நாளில் ஸ்டோர் கிளார்க் "ஸ்மால் எரர்" என்று சிரிப்பார். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ரொட்டி கருகிய நாளிலோ, "ஹூஸ் மிஸ்டேக்?" என்று கேட்டுக்கொண்டே வெள்ளைக்கார சார்ஜன்ட் உள்ளே நுழைவார். எரருக்கு ஆள் தேவையில்லை. மிஸ்டேக்குக்கு ஓர் ஆள் வேண்டும்.

போன நோன்பு மாதத்தில் அந்த ஆளாக வாய்த்தவர் காதர் அண்ணன். வத்தலக்குண்டுக்காரர்; எனக்கு முன்பே இங்கு வந்து, என்னைக் கையைப் பிடித்து வேலையில் சேர்த்துவிட்டவர். அன்று அதிகாரிகளின் மதிய விருந்துக்குப் பாலும் அரிசியும் சேர்த்துப் புட்டிங் செய்தோம். சர்க்கரை டின்னில் பொடியுப்பை நிரப்பி அனுப்பியிருந்தது ஸ்டோர். காதர் அண்ணன் அதை அள்ளிப் போட்டார், நான் கிண்டினேன். அடுப்படியில் இருந்த அத்தனை பேருக்கும் நோன்பு. ஒருவரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. புட்டிங் மேசைக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

ஏன் ருசி பார்க்கவில்லை என்று சார்ஜன்ட் கேட்டார். காதர் அண்ணன் தன் வாயைத் தொட்டுக் காட்டித் தலையை அசைத்தார். பல்வலி என்று நினைத்து, டாக்டரிடம் போயிருக்கக் கூடாதா என்றார் சார்ஜன்ட். நோன்பு என்று நான் விளங்கச் சொன்னதும், நாக்கில் வைத்துவிட்டுத் துப்ப வேண்டியதுதானே என்றார். அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. எங்கள் அடுப்படிகளில் அந்தப் பழக்கம் இல்லை.

திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த பிரியாணிக் கடையில் நோன்பு மாதம் பிறந்தால் உப்புப் பார்க்கிறவர் கருப்பையா அண்ணன். செம்பட்டியிலிருந்து மாட்டு வண்டியில் விறகு கொண்டுவருகிற விவசாயி. பள்ளிவாசலுக்குப் போகும் கஞ்சி இறங்குவதற்குள் அவர் வண்டி வந்துவிடும். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கரண்டி வாங்கி ஊதி ஊதிக் குடிப்பார். "ஏலே, இம்புட்டு உப்பா? கடலையே மோந்து ஊத்திட்டீகளா?" என்பார். நாங்கள் தண்ணீர் சேர்ப்போம். அவர் சரி என்று சொல்லாமல் எங்கள் கடைக் கஞ்சி தெருவில் இறங்கியதில்லை.

ஒரே ஒரு நாள் தவிர. அன்று வழியில் மாடு படுத்துவிட்டது, அவர் வரவில்லை. உப்பு ஏறிய கஞ்சியையே பள்ளிவாசலில் அத்தனை பேரும் குடித்தார்கள். யார் போட்ட உப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த தடவை வந்த கருப்பையா அண்ணன், "எம்மேல தான் குத்தம்" என்றார். முதலாளி, "போங்கண்ணே, நாந்தான் வேற ஆளத் தேடியிருக்கணும்" என்றார். உப்பைப் போட்ட சமையல்காரரோ இருவரையும் பேசவிடாமல் தன் மேல் இழுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஒரு தவறைச் சொந்தம் கொண்டாட மூன்று பேர் போட்டி போட்டார்கள். அதற்கு இரண்டு பெயர் இருக்கவில்லை.

இங்கே காதர் அண்ணனை வேலையை விட்டு அனுப்புவது என்று பேச்சு வந்தது. வேலை போனால் தங்கும் இடமும் போகும். கப்பல் ஏற வேண்டியதுதான். ஸ்டோர் கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர், நம் மொழி பேசுகிறவர் என்று அவரிடம் போய் நின்றேன். உப்பு உங்கள் டின்னில்தானே வந்தது என்றேன்.

"அது எரர், தம்பி" என்றார், சாந்தமாக. "எரர் எண்டா நடந்து போறது. உங்கட ஆள் செய்தது மிஸ்டேக். கவனமா இருந்திருக்கலாம்தானே?"

"டின்னுல கொட்டுன ஆளும் கவனமா இருந்திருக்கலாம்ல?"

அவர் பேனாவை மூடினார்.

திரும்பி வந்தபோது சார்ஜன்ட் எங்களை வரிசையில் நிறுத்தி, மிஸ்டேக் காதருடையது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சொன்னேன்: "ஸ்டோர் எரர், கிச்சன் எரர். ஸ்டோர் மிஸ்டேக், கிச்சன் மிஸ்டேக். ஒன் புட்டிங், சார். ஒன் நேம்." எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தருகிறாயா என்று அவர் முகம் சிவந்தது. கிண்டியவன் நான், அண்ணன் போனால் நானும் போகிறேன் என்று கரண்டியை மேசைமேல் வைத்தேன். காலையில் முடிவு சொல்வதாகக் கூறிவிட்டுப் போனார்.

நோன்பு திறக்க உட்கார்ந்தபோது காதர் அண்ணன் ஏசினார். "ஊருல வாயில ஈ போனாலும் பேச மாட்ட. இங்க வந்து எதுக்குலே இந்த வாயி?"

"நோம்பு நேரம்ணே. வாயி சும்மாதான கெடந்துச்சு."

அவர் சிரித்துவிட்டார். பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். இந்த ஊரில் பொழுது முன்னால் சாய்கிறது. நாங்கள் பழத்தைக் கடிக்கும்போது திண்டுக்கல்லில் இன்னும் வெயில்; என் வீட்டார் இன்னும் நோன்பில் இருப்பார்கள். கருப்பையா அண்ணனின் வண்டி அப்போதுதான் கடை வாசலுக்கு வந்திருக்கும். வயிறு இங்கே திறந்துவிட்டது. நாக்கு மட்டும் அவருடைய தீர்ப்புக்காக அங்கே காத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காதர் அண்ணன் அடுப்படியில்தான் நின்றார். என்னைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மாற்றினார்கள். புட்டிங் இறக்கும் நேரத்துக்கு சார்ஜன்ட் வந்து, ஒரு கரண்டி வாங்கித் தின்று பார்த்துவிட்டு, கரண்டியை என் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.