மீனின் மறுபக்கம்

மீன் பண்ணையில் எல்லோரும் அவனைக் 'கத்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். மீனின் தசையில் விரல்நகம் அளவு துண்டு வெட்டி, அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவன் வேலை. நோய்த் தடுப்புக்காக மீன்களுக்கு ஊசி வழியாக டி.என்.ஏ. ஏற்றியிருந்தார்கள். அது எத்தனை காலம் தசையில் தங்குகிறது என்று தெரிய வேண்டும். தங்கினால் விஷம் என்றல்ல. தின்னப்போகிறவர்களிடம் உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டுமே, அதற்காக.

முதல் வாரத் துண்டுகளிலேயே ஒன்றுமில்லை.

"அவ்வளவு சீக்கிரம் மறையாதே," என்றார் மேலாளர். அப்படியானால் ஊசியே போடவில்லை என்று முடிவாயிற்று. பழி நேராக, மீன்களுக்கு ஊசி போடும் அம்மா தலையில் விழுந்தது. தொட்டிக்கரையில் எல்லோர் முன்னாலும் கத்தி கேட்டான்:

"ஏம்மா, ஊசியை மீனுக்குப் போட்டியா, தண்ணிக்குப் போட்டியா?"

கரையே சிரித்தது. "ஒண்ணு விடாம போட்டேன் சார்," என்றார் அந்த அம்மா. யார் காதிலும் ஏறவில்லை. அன்றே வேலை போயிற்று.

வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. "திருப்பிப் பேச முடியாதவங்ககிட்டதான் உங்களுக்கு ஜோக் வரும். மேலாளர்கிட்ட ஒண்ணு சொல்லிப் பாருங்களேன்."

சில மாதம் கழித்து, அந்த அம்மா ஒப்படைத்துவிட்டுப் போன ஊசித் துப்பாக்கியைப் புது ஆளுக்காக அலமாரியிலிருந்து எடுத்தான். கை நழுவாமலிருக்க, பிடியில் ஒரு நாடாவை அவரே தைத்திருந்தார். அதில் கத்தியின் வலது கை நுழையவில்லை. இடது கையை விட்டான். கச்சிதமாகப் பொருந்தியது.

இடக்கைக்காரர் மீனின் தலையை வலப்புறம் வைத்துப் படுக்கவைப்பார். ஊசி வலப்பக்கத்தில் இறங்கும்; ஏற்றியதும் அந்தப் பக்கத் தசையிலேயே தங்கும். எந்தப் பக்கம் போட வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. கத்தி வெட்டியதெல்லாம் இடப்பக்கம். வழக்கம் அப்படி. எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று கேட்க அவனுக்கும் வாய் வரவில்லை. கேலி பேச மட்டும் வந்தது.

அன்று துண்டு வெட்டியபின் உறைபெட்டியில் போட்டுவைத்திருந்த மீன்களின் மறுபக்கத்தை வெட்டினான். டி.என்.ஏ. நிறைய இருந்தது. அந்த அம்மா ஊசி போட்டவற்றில், தொட்டியில் இன்னும் நீந்திக்கொண்டிருந்த ஒன்றையும் பிடித்து வெட்டினான். இத்தனை மாதம் கழித்தும், கொஞ்சமாக, இருந்தது. தேடாத இடத்தில் இருப்பதை இல்லை என்று சொல்லியிருக்கிறான். அந்த 'இல்லை'யில் ஒருவர் பிழைப்பு போயிருக்கிறது.

"சரி, அந்தம்மாவைத் திரும்ப வரச் சொல்லுங்க. சத்தமில்லாம," என்றார் மேலாளர்.

சந்துக்குள் இருந்தது அந்த அம்மாவின் வீடு. இடது கையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றார். யார் யாருடையவோ சட்டைகள்.

"நான் சொன்னப்ப நம்பல. செத்த மீன் சொன்னா நம்புறீங்க."

"தப்பு என்னோடதுங்க."

"கேலி பண்ணது கரையில. மன்னிப்பு மட்டும் சந்துலயா?"

மறுநாள் காலை கரையில் எல்லோரையும் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். மேலாளர் எங்கோ பார்த்தார். அந்த அம்மா நாடாவுக்குள் கையை நுழைத்தபடி கேட்டார்:

"ஏன் சார், நீங்க மீனை வெட்டுனீங்களா, மீனோட நிழலை வெட்டுனீங்களா?"

கரையே சிரித்தது. அன்றைக்கு அந்தச் சிரிப்பு அந்த அம்மா காதில் எப்படி விழுந்திருக்கும் என்று கத்திக்கு அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை.