பொறந்த ஊட்டுக் கோடி

எங்கள் பக்கத்தில் யாராவது கண்ணை மூடினால் முதலில் டாக்டருக்குத் தெரியும், அடுத்தது எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அதற்கப்புறம்தான். பிணம் வைக்கிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறவள் நான். நாமகிரிப்பேட்டையைச் சுற்றி எந்தக் காட்டுக்குள் எந்த வீடு, எந்தத் தடத்தில் வண்டி போகும், யார் வீட்டு நிலைவாசல் பெட்டி நுழைய முடியாத குறுகல் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

என் வீட்டுக்காரர் பந்தல் கடை வைத்திருக்கிறார். சேர், சாமியானா, சமையல் பாத்திரமெல்லாம் அவர் பொறுப்பு. கல்யாண வீடென்றால் முதல் ஆளாக நிற்பார். ஐஸ் பெட்டி வந்து இறங்கிய அன்றைக்கே, "அதத் தொட்டா எனக்குச் சோறு எறங்காதுடி" என்று சொல்லிவிட்டார். மீசையைப் பார்த்தால் எட்டு ஊரை மிரட்டுகிற மாதிரி இருக்கும், ஆள் இப்படி. சரி, உயிரோடு இருக்கிறவர்களை நீங்கள் பாருங்கள், மற்றவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, குட்டி யானை என்று நாங்கள் சொல்கிற சின்னச் சரக்கு வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டேன். பொம்பளை இந்த வேலைக்கு வரலாமா என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களில் சிலரை நானே பெட்டியில் வைத்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

முன்பெல்லாம் காலையில் போன உயிருக்குப் பொழுது சாய்வதற்குள் காரியம் முடிந்துவிடும். இப்போது முடியுமா? ஒரு மகன் ரிக் வண்டியோடு ஒடிசாவில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பான். இன்னொருவன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு குஜராத்தில் நிற்பான். அவர்கள் வந்து முகம் பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் பெட்டி. அப்படிக் காத்திருக்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதான் எனக்குத் தெரிந்த ஊர்க் கதை முழுக்க. உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்கள்கூட அங்கே வாய் திறப்பார்கள்.

லாரி ஓட்டிய ஒருவருக்கு எஞ்சின் சத்தம் இல்லாவிட்டால் வீட்டில் தூக்கமே வராதாம். அவர் பெண்டாட்டி வெறும் மிக்சியை ஓட விட்டுத் தூங்க வைப்பாளாம். அதைச் சொல்லி அழுதுகொண்டே சிரித்தாள். கோழிப்பண்ணையில் காலமெல்லாம் வேலை செய்த ஒரு அம்மா ஒரு நாளும் முட்டையை வாயில் வைத்ததில்லையாம், வாடையே ஆகாதாம். படையலில் முட்டை வைக்கலாமா கூடாதா என்று மகன்கள் இரண்டு பேரும் பெட்டியின் மேலே கையை ஊன்றிக்கொண்டு சண்டை போட்டார்கள். கையை எடுங்கடா, கண்ணாடி உடைஞ்சா புதுசு வாங்கித் தருவீங்களா என்று அதட்டினேன். இவர்களையெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒரே ஒருத்தரை நினைத்தால் மட்டும் சிரிப்பு வராது.

அவர் பக்கத்து ஊரில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் மஞ்சளும் வெள்ளாமை செய்தவர். ஊருக்கே அக்கா, எனக்கும் அக்கா. வாய் என்றால் அப்படியொரு வாய். கிழங்கு ஏற்ற வந்த லாரிக்காரன் வரப்பை மிதித்துவிட்டால், "உன்ற மாமியா ஊட்டு வாசலாடா அது?" என்று கேட்பார். அவனும் சிரித்துக்கொண்டே இறங்கி நடப்பான். பெட்டி வாங்கிய புதிதில் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே ஊர் யோசித்தது. இந்த அக்கா நேராக அடுப்படிக்கு வந்தார். காப்பி போடச் சொல்லிக் குடித்தார். "நல்ல பொட்டியாத்தான் வாங்கியிருக்கற. சித்திர வெய்யிலுக்கு எனக்கு ஒரு நாளைக்குக் குடு அம்மிணி, உள்ள படுத்து நல்லாத் தூங்கறேன்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த தைரியம் இன்னும் போகவில்லை.

ஒரு மாசி மாதத்துக் காலையில், மஞ்சள் வேக வைக்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அக்கா திரும்ப எழுந்திருக்கவில்லை. நானே பெட்டி கொண்டுபோய் வைத்தேன். மத்தியானத்துக்குள் வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் சேரில் உட்கார்ந்திருந்தார். ஒரே மகள் பெட்டியை விட்டு நகரவில்லை. வராதவர் ஒருவர்தான், அக்காவின் தம்பி.

எங்கள் பக்கத்தில் பெண் செத்தால் பிறந்த வீட்டுச் சீலை மேலே விழாமல் எடுக்க மாட்டார்கள். கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போர்த்துகிற புதுச் சீலைக்குக் கோடி என்று பேர். எத்தனை பேரன் பேத்தி எடுத்திருந்தாலும், இவளுக்கும் ஒரு தாய் வீடு இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது அந்தச் சீலைதான். அது வராமல் போகிறவளை, நாதியில்லாமல் போனாள் என்பார்கள்.

தம்பி ஏன் வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். அக்காவின் மகளைத் தம்பி மகனுக்குக் கட்டுவது என்று பிள்ளைகள் மண்ணில் விளையாடும்போதே பேசி வைத்திருந்தார்கள். மகள் வளர்ந்து நர்ஸுக்குப் படித்தாள். அவன் வேண்டாம் என்றாள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வேலை பார்க்கிற வேறொரு பையனைச் சொன்னாள். அக்கா மகள் பக்கம் நின்றார். தம்பி வந்து வாசலில் நின்று, பேச்சு மாறுகிறவள் எனக்கு அக்காவா என்று தெருவே கேட்கக் கத்தினார். அக்கா சும்மா விடுவாரா? "போடா! என்ற செத்த மூஞ்சியிலகூட நீ முழிக்கக் கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மாமன் சீர் இல்லாமலே கல்யாணம் நடந்தது. பந்தல் எங்களுடையதுதான், நான் பார்த்தேன். மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அக்காவின் பிறந்த வீட்டுப் பங்காளி ஒருவர் நின்றார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தத் தம்பி மகனுக்கும் வேறு இடத்தில் பெண் பார்த்துக் கட்டி, அவன் குழந்தை குட்டியோடு நன்றாகத்தான் இருக்கிறான். கட்டிக்கொள்ளாத இரண்டு பேரும் எங்காவது விசேஷத்தில் பார்த்தால் சிரித்துப் பேசிக்கொள்வார்கள். பெரியவர்கள் இரண்டு பேர்தான் அந்தச் சண்டையைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள்.

சாவுச் செய்தி சொல்லப் போனவரிடம் தம்பி "சரி" என்றதோடு சரி. வெயில் சாயத் தொடங்கியதும் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "பொறந்த ஊட்டுப் பங்காளி ஒருத்தரு இங்கதான இருக்கறாரு. அவரு ஒரு சீலை வாங்கியாந்து போட்டாப் போவுது. பொழுது எறங்குதுங்க."

மகள் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்துலயும் பங்காளி, எழவுலயும் பங்காளியாங்க? என்னாலதான் எங்கம்மாவுக்குப் பொறந்த ஊடு போச்சு. மாமன் வந்து கோடி போடாம எங்கம்மாவ எடுக்க உடமாட்டேன்."

"பண்றதெல்லாம் பண்ணிப்போட்டு இப்ப என்ன ஆர்ப்பாட்டம்?" என்று எனக்குப் பின்னால் ஒரு பொம்பளை முணுமுணுத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு, "சித்த கம்முனு இருக்கறீங்களா?" என்று திரும்பி ஒரு போடு போட்டேன். அடங்கினாள். மகள் என் கையைப் பிடித்தாள். "சின்னம்மா, நீங்க ஒருக்காப் போயிட்டு வாங்க. எங்காளுங்க போனா மறுபடியும் சண்டையாப் போயிரும். நீங்கன்னா மாமா கேப்பாருங்க."

கேட்பாரோ மாட்டாரோ, கேட்க வைக்கிறேன் என்று வண்டியை எடுத்தேன். அவர் ஊர் ரொம்பத் தூரமில்லை. வழியெல்லாம் வாய்க்குள் வசவைச் சேர்த்துக்கொண்டே போனேன். மேச்சேரி ஆடு வளர்க்கிறவர், பட்டியில் அழுக்கு லுங்கியோடு ஒன்றும் நடக்காதது போல நிற்பார், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

போய்ப் பார்த்தால் ஆள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஜவுளிக்கடைப் பை. உள்ளே புதுச் சீலை. திறந்துவிடாத ஆடுகள் பட்டிக்குள்ளேயே கிடந்து பசியில் கத்துகின்றன. அவர் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "காத்தாலயே கடைக்குப் போயி வாங்கியாந்துட்டாருங்க. அப்பப் புடிச்சு இப்படியே உக்காந்திருக்கறாரு. பச்சத் தண்ணி குடிக்கலீங்க."

"ஏனுங்கண்ணா, சீலைய மடியில வெச்சுக்கிட்டு யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கறீங்க?" என்றேன்.

நிமிர்ந்தார். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. "அவ சொன்னது ஊருக்கே தெரியுமே அம்மிணி."

"கோவத்துல சொன்னதுங்க."

"அக்கா கோவத்துலதான் நெசத்தப் பேசுவா."

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறிவிட்டது. "உங்க வீம்பத் தூக்கி ஒடப்புல போடுங்க! அங்க ஒரு புள்ள பொட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்குது. உங்கக்கா நாதியில்லாதவளாட்டம் போவோணுமா? மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னாங்க. கோடி போட வேண்டாம்னு எப்பங்க சொன்னாங்க?"

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பெண்டாட்டி பட்டியைத் திறந்துவிட்டு, பின்னாலேயே யார் வண்டியிலோ வருவதாகச் சொன்னார். வழி நெடுக அவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "அவளுக்கு வலிச்சுதா அம்மிணி?"

"இல்லீங்கண்ணா. உக்காந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க." எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எழவு வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினேன். இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். முகம் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அதன்மேல் துண்டைச் சுற்றிப் பின்மண்டையில் முடிச்சுப் போட்டார். பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒப்பாரி நின்றுபோனது. ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் காற்றைத் துழாவியபடி அவர் வாசல்படியைத் தேடினார். நான் போய்ப் பிடிப்பதற்குள் மகள் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"யாரு?"

"நாந்தானுங்க மாமா."

இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு பேரும் பேசிய முதல் பேச்சு. அவர் கையை உதறிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. உதறவில்லை. "படி எங்கிருக்குது கண்ணு?" என்றார்.

நான் பெட்டியின் மூடியைத் திறந்து கொடுத்தேன். பெண்கள் அக்காவை இறக்கிக் குளிப்பாட்டிக் கட்டிலில் கிடத்தினார்கள். தம்பி சீலையைப் பிரித்து, மகள் வழிகாட்ட, காலிலிருந்து தடவித் தடவி மேலே கொண்டுவந்து போர்த்தினார். கை கன்னத்தில் பட்டதும் அங்கேயே நின்றது. "இப்படிச் சில்லுனு இருக்கறாளே" என்று குழந்தை மாதிரி அழுதார். எத்தனையோ சாவு பார்த்தவள் நான், எழவு வீட்டில் அழமாட்டாள் என்று பேர் வாங்கியவள். அன்றைக்கு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

கண்கட்டை அவிழ்க்கச் சொல்லி யார் யாரோ சொல்லிப் பார்த்தார்கள். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பாடை கிளம்பியது. அக்காவின் வீட்டுக்காரர் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனார். பாடைக்குப் பின்னால் மாமனைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு மகள் போனாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் ஊர் எல்லையோடு நின்றுவிட வேண்டும். சுடுகாட்டுக்கு ஆண்கள்தான் போவார்கள். எல்லை வந்ததும் நாங்கள் எல்லாரும் நின்றோம். மகளும் நின்றாள்.

"மாமா, இதுக்கு மேல நான் வரக்கூடாதுங்க. கட்ட அவுத்துட்டுப் போங்க. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அவ இருக்கற வரைக்கும் அவ சொன்னத ஒண்ணக்கூட நான் கேட்டதில்ல கண்ணு. இதையாச்சும் கேட்டுட்டுப் போறேன்" என்றார் அவர். "நீ கைய உட்டுறாத. உட்டா நான் உழுந்துருவேன்."

பாடையோடு போனவர்களில் ஒருவர் திரும்பி, பொம்பளைப் புள்ளை எப்படிங்க என்று தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் அப்படியே மூடிக்கொண்டார். மகள் கையை விடவில்லை. எங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மாமனைக் கூட்டிக்கொண்டு தன் அம்மாவுக்குப் பின்னால் சுடுகாட்டுத் தடத்தில் இறங்கி நடந்தாள்.